மருந்து ஊற்றியும் ஈரலில் புழு நெளிகிறது: இது மருந்தெதிர்ப்புதானா?

6 அக்டோபர் 2024, ஞாயிறு, இரவு 9.10
வாசகர் கேள்வி

அக்கா, நான் வேல்ஸில் ஒரு இறைச்சிக்கூடத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். போன வாரம் ஒரே பண்ணையிலிருந்து செம்மறிகள் வந்தன. பன்னிரண்டு ஈரலில் ஏழைக் கழிக்க வேண்டியதாயிற்று. பித்தக்குழாயைக் கத்தியால் கீறினால் தட்டைப்புழு உயிரோடு வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. டிரைக்ளாபெண்டசோல் ஊற்றி 70 நாள் ஆகிறது என்று பண்ணைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். குஞ்சுப் புழு முதல் கிழப் புழு வரை எல்லாவற்றையும் கொல்லும் மருந்து என்றுதான் நாமக்கல்லில் படித்தோம். அப்படியானால் இது மருந்தெதிர்ப்புதானே? அவரிடம் அப்படியே சொல்லிவிடலாமா?

6 அக்டோபர் 2024, இரவு 11.25

சொல்ல வேண்டாம் தம்பி. இன்றைக்கு வேண்டாம்.

70 நாள் என்றால் பத்து வாரம். மருந்து ஊற்றிய மறுநாளே அந்த ஆடு அதே ஈரப் புல்லில் மேய்ந்திருக்கும். அன்று வாய்க்குள் போன புழு இன்றைக்குப் பத்து வாரப் புழு. டிரைக்ளாபெண்டசோல் உடம்பில் இருக்கும்வரைதான் கொல்லும். நாளை வரப்போகும் புழுவுக்கு அது காவல் இருக்காது. எனவே நீங்கள் பார்த்தது மருந்தை மீறி வாழ்ந்த புழுவாகவும் இருக்கலாம், மருந்துக்குப் பிறகு வந்த புழுவாகவும் இருக்கலாம்.

பிரிட்டனில் இந்த மருந்து ஊற்றி 56 நாள் கழியாமல் இறைச்சிக்கு வெட்டக் கூடாது. அதனால் உங்கள் மேசைக்கு வரும் எந்த ஈரலும் மருந்துக்குக் குறைந்தது எட்டு வாரம் பிந்தியது. அந்த மேசையில் நின்றுகொண்டு மருந்தெதிர்ப்பைக் கையும் களவுமாகப் பிடிப்பது மிகவும் கடினம். ஈரல் உங்களுக்குச் சந்தேகத்தைத் தரும். நிரூபணத்தைப் பண்ணையில்தான் தேட வேண்டும், அதுவும் ஆட்டுப் புழுக்கையில்.

புழு பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் பித்தக்குழாய்க்கு வரும் என்பதால், குழாயில் இருப்பது பழைய புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் தோன்றுகிறது. காலையில் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

7 அக்டோபர் 2024, காலை 6.50

நேற்றிரவு எழுதிய கடைசிப் பத்தி தப்பு. தூக்கக் கலக்கத்தில் இரண்டு கணக்கைக் கலந்துவிட்டேன்.

குஞ்சுப் புழு அடங்கி, புல்லில் ஒட்டியிருக்கும் நுண்கூட்டை ஆடு விழுங்கும். குஞ்சு குடலைத் துளைத்து வயிற்றறைக்கு வந்து, ஈரலுக்குள் நுழைந்து, ஆறு ஏழு வாரம் ஈரல் சதையைத் தின்றுகொண்டே அலையும். அப்புறம் பித்தக்குழாயில் குடியேறும். முட்டை புழுக்கையில் தெரிய 10 முதல் 12 வாரம். பன்னிரண்டு வாரம் என்பது முட்டைக்கான கணக்கு. குழாய்க்கு எட்டாவது வாரமே வந்துவிடும்.

ஆகவே அளவைப் பாருங்கள். சரியாக 56, 58 நாளில் வந்த ஆட்டில் 2 முதல் 3 செ.மீ. நீளத்தில் முழுவதும் வளர்ந்த புழுவும், பித்தநீரில் முட்டையும் இருந்தால் அது கட்டாயம் மருந்துக்கு முந்தியது. அப்போது சந்தேகம் கனமாகும். 70 நாளில் அந்தக் கணக்கு நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அடுத்த முறை ஈரலைக் கழிக்குமுன் பித்தப்பையிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள்.

9 அக்டோபர் 2024

தனிமடலில் ஒருவர் கேட்டார்: ஒரு மருந்து போனால் இன்னொன்று இருக்கிறது, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று.

இன்னொன்று இல்லை என்பதுதான் விஷயம். டிரைக்ளாபெண்டசோல் 1983-இல் கால்நடைக்கு வந்தது. இரண்டு வாரக் குஞ்சையும் கொல்லும், முதிர்ந்ததையும் கொல்லும். ஆல்பெண்டசோலும் ஆக்சிகுளோசனைடும் முதிர்ந்ததை மட்டும்தான் தொடும். குளோசன்டெல் ஏழு வாரத்துக்கு மேற்பட்ட புழுவை நன்றாகக் கொல்லும், அதற்கு இளையதில் பல தப்பும். இலையுதிர் காலத்தில் ஆட்டைச் சாகடிப்பது குழாய்க்கு வந்து சேராத குஞ்சுதான். ஈரல் சதையில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் ஊர்ந்தால் உள்ளே ரத்தம் கொட்டி, நேற்றுவரை மேய்ந்த ஆடு இன்று காலை விறைத்துக் கிடக்கும். அந்த வயதுக் குஞ்சுக்கு நம் கையில் இருப்பது இந்த ஒரு மருந்துதான்.

அதை மீறும் புழு முதன்முதலில் 1995-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. 1998-இல் ஸ்காட்லாந்துச் செம்மறியில், 2000-இல் நெதர்லாந்தில். இன்று அயர்லாந்து, வேல்ஸ், ஸ்பெயின், அர்ஜென்டினா, பெரு என்று பட்டியல் நீள்கிறது. மருந்து வந்து பன்னிரண்டே வருடத்தில் முதல் செய்தி. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

13 அக்டோபர் 2024

பண்ணைக்காரரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான்கைந்து வருடத்துக்கு முன், மருந்து வேலை செய்யவில்லை என்று அழைத்த ஒரு பண்ணைக்குப் போனேன். மலைச்சரிவு, சேறு, மழை தூறிக்கொண்டே இருக்கிறது. மருந்து ஊற்றும் துப்பாக்கியை வாங்கி, மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பி, அளவுக் குவளையில் பத்து முறை அழுத்தச் சொன்னேன். 14 மில்லியில் வைத்திருந்தார். பத்து அழுத்தலுக்கு 140 மில்லி வர வேண்டும். வந்தது 118. பீப்பாயின் ரப்பர் வளையம் தேய்ந்து காற்று உறிஞ்சுகிறது. மனிதர் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை ஆட்டுக்கும் குறைவாகத்தான் போயிருக்கிறது.

அடுத்தது எடை. பெட்டை ஆட்டைப் பார்த்து "ஒரு 55 கிலோ இருக்கும்" என்பார்கள். தராசில் ஏற்றினால் 70 காட்டும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 70 கிலோவுக்கு 5 சதவீத மருந்து 14 மில்லி வேண்டும். 55 என்று நினைத்தால் 11 மில்லிதான் ஊற்றுவோம். அந்த ஆடு பெறுவது கிலோவுக்கு 8 மில்லிகிராம்கூட இல்லை. தேய்ந்த வளையமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பழி புழுவின்மேல், பாவம் வளையத்தின்மேல்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. குறைந்த அளவில் ஊற்றிக்கொண்டே இருந்தால் சற்றே தாங்கும் புழுக்கள் பிழைத்து முட்டையிடும். இன்று எதிர்ப்பு இல்லாத பண்ணையில் நாளை எதிர்ப்பை நாமே வளர்த்துவிடுவோம். முன்பு நான் குறைந்த அளவு, எதிர்ப்பு இந்த இரண்டையும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

20 அக்டோபர் 2024, பிற்பகல்

"அக்கா இவ்வளவு தயங்குவது ஏன், தொண்ணூறு சதவீதம் தெரிந்தால் சொல்லிவிடக் கூடாதா" என்று தம்பி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. இதை நான் எங்கும் எழுதியதில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆய்வக வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு சிறிய பண்ணை, எண்பது பெட்டை ஆடு. ஜனவரியில் பத்து ஆட்டின் புழுக்கை வந்தது. கூட்டுமாதிரியாகச் சேர்த்துப் பார்த்ததில் 5 கிராமில் 84 முட்டை. டிரைக்ளாபெண்டசோல் ஊற்றினார்கள். 14-ஆம் நாள் மாதிரியில் 19 முட்டை. குறைவு 77 சதவீதம். 95-க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது விதி. "மருந்தெதிர்ப்பு" என்று எழுதி அனுப்பினேன். தட்டச்சு செய்யும்போது எனக்குள் ஒரு துள்ளல்கூட இருந்தது, பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதைப் போல.

அவர் என்னை நம்பினார். அந்த வருட அக்டோபரில் டிரைக்ளாபெண்டசோலைத் தொடவே இல்லை. குளோசன்டெல் ஊற்றினார். மூன்று நான்கு வாரக் குஞ்சுகள் அதில் சாகவில்லை. நவம்பரில் இரண்டு வாரத்துக்குள் பதினோரு ஆடு செத்தது. ஒன்றை அறுத்துப் பார்க்க நானும் போயிருந்தேன். ஈரலின் மேல்தோல் முழுக்கக் கருஞ்சிவப்புத் தடங்கள், மரப்பட்டைக்கு அடியில் பூச்சி குடைந்த மாதிரி. வயிற்றறையில் கட்டிகட்டியாக ரத்தம். சதையை நசுக்கினால் நகக்கண் அளவில் குஞ்சுப் புழுக்கள்.

மறு ஜனவரியில் என் செலவில் திரும்பவும் சோதித்தேன். இந்த முறை 21-ஆம் நாள் எடுத்தோம். முன்னே 84 போலவே நிறைய, பின்னே ஒரே ஒரு முட்டை. மருந்து அந்தப் பண்ணையில் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

நடந்தது என்ன? புழு செத்தாலும் அது இட்ட முட்டைகள் பித்தப்பையில் தேங்கியிருக்கும். பித்தநீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு இறங்கும். செத்த புழுவின் முட்டையை எண்ணிவிட்டு, புழு உயிரோடு இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். ஒரு புழு நாளுக்கு இருபதாயிரம் முட்டைகூட இடும். அந்தச் சேமிப்பு வடிய நாள் பிடிக்கத்தானே செய்யும்?

அந்த மனிதர் என்மேல் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

20 அக்டோபர் 2024, இரவு

மதியம் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 14-ஆம் நாள் மறுபக்கமும் ஏமாற்றும். மருந்தில் அடிபட்டும் சாகாத புழு சில நாள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, தெளிந்ததும் மறுபடி தொடங்கலாம். சீக்கிரம் எண்ணினால் "எல்லாம் செத்தது" என்று தோன்றும். பின்மாதிரியை 21-ஆம் நாள் எடுங்கள், அதே ஆடுகளிடமிருந்து எடுங்கள். முதுகில் வண்ணக் குறி போட்டுவிட்டால் தேட வேண்டாம்.

முன்மாதிரி இல்லாத சோதனை சோதனையே இல்லை. மருந்து ஊற்றிவிட்டுப் புழுக்கையை அனுப்பிவைக்கிறவர்கள்தான் அதிகம். எதிலிருந்து குறைந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

2 நவம்பர் 2024

முட்டை எண்ணுவதைப் பற்றி விரிவாகக் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த வேலை, நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தட்டைப்புழு முட்டை கனமானது. உருண்டைப்புழு முட்டையை உப்புநீரில் மிதக்கவிட்டுப் பிடிப்பதுபோல இதைப் பிடிக்க முடியாது, படியவிட வேண்டும். புழுக்கையை எடைபோட்டுத் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடித்து, கூம்புக் குவளையில் ஊற்றிவிட்டு மூன்று நிமிடம் காத்திருப்பேன். மேலே நிற்கும் கலங்கலை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடுவேன். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் அடியில் ஒரு விரற்கடை வண்டல் நிற்கும். அதில் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு. புல் நார், தோல் துணுக்கு எல்லாம் நீலமாகிவிடும். முட்டை மட்டும் சாயம் ஏற்காது. மைக்ராஸ்கோப்பில் நீலக் குப்பைக்கு நடுவே பொன்மஞ்சளாக, சீரான முட்டை வடிவத்தில், ஒரு முனையில் சின்ன மூடியோடு கிடக்கும். நீளம் 130 முதல் 150 மைக்ரான். எத்தனை ஆயிரம் பார்த்திருந்தாலும் முதல் முட்டை கண்ணில் படும்போது தேன் துளியைப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

இப்போது முக்கியமான இடம். அதே வண்டலில், கிட்டத்தட்ட அதே வடிவத்தில், அதே மூடியோடு இன்னொரு முட்டையும் கிடக்கும். அது முதல் இரைப்பையில் வாழும் தட்டைப்புழுவுடையது. அதற்கு நிறமே கிடையாது, கண்ணாடிபோலத் தெளிந்து லேசாகச் சாம்பல் ஓடியிருக்கும். வேல்ஸிலும் அயர்லாந்திலும் இந்த இரைப்பைப் புழு இப்போது எங்கும் இருக்கிறது. டிரைக்ளாபெண்டசோல் அதை ஒன்றும் செய்யாது, செய்யும் என்று யாரும் சொல்லவும் இல்லை. நிறத்தைக் கவனிக்காமல் இரண்டையும் சேர்த்து எண்ணினால் முன்னே 100, பின்னே 60 என்று வரும். ஒரு நல்ல மருந்துக்குச் சாவுச்சீட்டு எழுதிவிடுவோம்.

நான் இரண்டு எண்ணும் கருவி வைத்துக்கொள்கிறேன். இடது கை தெளிந்ததற்கு, வலது கை பொன்னுக்கு.

16 நவம்பர் 2024

முட்டையை விட்டுவிட்டுப் புழுவையே நேரடியாகப் பிடிக்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். உயிருள்ள புழு ஈரலைத் தின்னச் சுரக்கும் நொதிகள் பித்தநீரோடு இறங்கிப் புழுக்கையில் வந்து சேரும். அந்தப் புரதத்தை எலைசா என்ற சோதனைத் தட்டில், நிறம் மாறுவதை வைத்துப் பிடிக்கிறார்கள். புழு செத்தால் சுரப்பு நிற்கும், பித்தப்பையில் தேங்கும் முட்டையின் சிக்கல் இங்கே இல்லை. அதனால் 14-ஆம் நாளே பார்க்கலாம். முட்டையிடும் வயது வராத ஏழெட்டு வாரப் புழுவையும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மாதிரியை உறையவைத்து, முன்னதையும் பின்னதையும் ஒரே தட்டில் ஓட்டலாம்.

ரத்தத்திலோ பாலிலோ எதிரணு (புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி) பார்க்கும் சோதனையை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். புழு செத்து மாதங்கள் ஆனாலும் எதிரணு உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். பண்ணைக்குள் புழு வந்திருக்கிறதா என்று கேட்டால் அழகாகப் பதில் சொல்லும். மருந்து கொன்றதா என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

எலைசா வந்ததும் மைக்ராஸ்கோப்பை மூடிவைத்துவிடலாம் என்று நினைத்த காலமும் எனக்கு உண்டு. இப்போது இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதி. வேறு வேறு பதில் சொன்னால் திரும்ப மாதிரி.

1 டிசம்பர் 2024

மரபணு சோதனை இருக்கிறதா, ஒரு துளி எடுத்தால் ஆம் இல்லை என்று சொல்லிவிடுமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

பண்ணைக்காரர் நேராக வாங்கிச் செய்யும்படி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது. நீண்ட காலம் ஆட்கள் ஒவ்வொரு மரபணுவாகச் சந்தேகப்பட்டார்கள். இந்தக் குடும்பத்து மருந்துகள் டியூபுலின் புரதத்தைத் தாக்குபவை, ஆகவே டியூபுலின் மாறியிருக்கும் என்றார்கள். அப்புறம் மருந்தை வெளியே இறைக்கும் பம்புப் புரதம் என்றார்கள். எதுவும் உறுதியாகவில்லை. லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் போனது. எதிர்ப்புள்ள புழுவையும் எதிர்ப்பில்லாத புழுவையும் கலக்கவிட்டு, அவற்றின் சந்ததியைச் செம்மறியில் வளர்த்து, மருந்து ஊற்றி, எவை பிழைக்கின்றன என்று மரபுத்தொகுதி முழுவதும் தேடியது. 2023-இல் முடிவு வெளியானது. சுமார் 32 லட்சம் டி.என்.ஏ. எழுத்துள்ள ஒரே ஒரு பகுதி. அதில் முப்பது மரபணு அளவில் இருக்கின்றன. மொத்த மரபுத்தொகுதி 130 கோடி எழுத்து என்பதை நினைத்தால் அது எவ்வளவு சிறிய இடம்!

சந்தோஷம் அத்தோடு சரி. அந்தப் பண்பு ஓங்கு பண்பாக இறங்குகிறதாம். பெற்றோர் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குஞ்சு மருந்தைத் தாங்கும். ஒடுங்கு பண்பாக இருந்திருந்தால் மெதுவாகப் பரவியிருக்கும். இதற்குமேல் நத்தைக்குள் நடப்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு முட்டையிலிருந்து வரும் ஒரே குஞ்சு நத்தைக்குள் போய் நூற்றுக்கணக்காகப் பெருகி வெளியே வருகிறது, எல்லாம் அச்சு அசல் ஒரே மரபு. எதிர்ப்புள்ள ஒன்று போதும், ஓடையோரப் புல் முழுக்க அதன் நகல்.

9 அக்டோபரில் "பன்னிரண்டே வருடத்தில்" என்று வியந்து எழுதியிருந்தேன். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அதில் வியப்பே இல்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வு பிரிட்டனின் புழுக்களில் நடந்தது. பெருவில் எதிர்ப்புள்ள புழுவிலும் அதே இடம்தான் மாறியிருக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

26 டிசம்பர் 2024

விடுமுறை. ஆய்வகம் மூடியிருக்கிறது, வெளியே உறைபனி. இழையை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன்.

பெரு என்றதும் ஞாபகம் வந்தது. அங்கே குஸ்கோ பக்கத்துக் குழந்தைகளுக்கு இந்தப் புழு வருகிறது, நீரோரக் கீரையும் ஓடைத் தண்ணீரும் வழியாக. உலகம் முழுக்க குறைந்தது 24 லட்சம் மனிதர்களுக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மனிதர்களுக்கும் மருந்து இதே டிரைக்ளாபெண்டசோல்தான். அமெரிக்கா 2019-இல்தான் மனிதருக்கு அனுமதித்தது. நெதர்லாந்தில் ஒரு செம்மறிப் பண்ணைக்காரருக்கே இந்த மருந்து கேட்காத புழு வந்ததை 2012-இல் எழுதினார்கள். குஸ்கோவிலும் இரண்டு மூன்று சுற்று மருந்து எடுத்தும் முட்டை நிற்காத குழந்தைகள் இருக்கிறார்கள். ஆட்டுக்காவது குளோசன்டெல் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு என்ன இருக்கிறது? ஆட்டில் நாம் செய்யும் தவறு ஆட்டோடு நிற்பதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒருவர், எங்கள் எருமைக்கு ஆக்சிகுளோசனைடு ஊற்றியும் தாடைக்கு அடியில் நீர் கோத்துக்கொள்கிறது, இதுவும் எதிர்ப்பா என்று கேட்டிருந்தார். ஐயா, நானும் அந்த டெல்டாக்காரிதான். அப்பாவின் எருமைக்கு அதே வீக்கம் வந்து, தொட்டால் விரல் பதிந்து குழி விழும். சிறுமியாக அதை அழுத்திப் பார்த்து நின்றது நினைவிருக்கிறது. நம் ஊரில் இருப்பது ஃபாசியோலா ஜைஜாண்டிகா, இங்கிருப்பதைவிட நீளமான இனம். நத்தையும் வேறு. முட்டையிட 13 முதல் 16 வாரம் எடுக்கும், எனவே நான் மேலே சொன்ன வாரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆக்சிகுளோசனைடு முதிர்ந்ததை மட்டும் கொல்லும். ஈரலில் அலையும் இளையது தப்பி, இரண்டு மாதத்தில் முதிர்ந்து, மறுபடி வீக்கம் வரும். முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மருந்து ஊற்றுமுன் சாணத்தைக் கால்நடை மருத்துவமனையில் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று வாரம் கழித்தும் பார்க்கச் சொல்லுங்கள். தாடை வீக்கம் வேறு புழுவாலும் வரும்.

12 ஜனவரி 2025

நல்ல செய்தி. அக்டோபரில் தம்பி சொன்ன அந்தப் பண்ணைக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

நேற்று பண்ணையில் வேலை நடந்தது. ஆடுகளைத் தராசில் ஏற்றினார்கள். துப்பாக்கிக்குப் புது வளையம் போட்டுக் குவளையில் அளந்தார்கள், பத்து அழுத்தலுக்கு 140 சரியாக வந்தது. மருந்துக் குப்பியின் காலாவதித் தேதியைப் படம் எடுத்து அனுப்பினார். பன்னிரண்டு ஆட்டுக்கு நீலக் குறி. அவை ஒவ்வொன்றிலும் நேரடியாகக் கையால் எடுத்த புழுக்கை, தரையில் பொறுக்கியது அல்ல. பிறகு டிரைக்ளாபெண்டசோல்.

மாதிரி இன்று என் மேசையில். பொன்முட்டை 62, தெளிந்த முட்டை 23. பாதியை உறைபெட்டியில் வைத்துவிட்டேன். 21-ஆம் நாள் பிப்ரவரி 1.

ஜனவரியில் செய்வதற்கும் காரணம் உண்டு. இலையுதிர் காலத்தில் விழுங்கிய புழுக்கள் இப்போது முட்டையிடும் வயதுக்கு வந்திருக்கும். எண்ணுவதற்கு முட்டை வேண்டுமே.

3 பிப்ரவரி 2025

பொன்முட்டை 41. தெளிந்தது 25.

முன்னே 62, பின்னே 41. குறைவு 34 சதவீதம். இரண்டாவது முறையும் எண்ணினேன், பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டு நான் எண்ணியதைச் சொல்லாமல் எண்ணச் சொன்னேன். அவருக்கு 43. எலைசாவில் முன்மாதிரியும் பின்மாதிரியும் ஏறக்குறைய ஒரே நிறம்.

தம்பி, அக்டோபரில் நீங்கள் நினைத்தது சரியாகவே இருக்கும்போலத் தெரிகிறது. அப்போதே ஒத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்போது உங்களிடம் இருந்தது ஏழு ஈரல். இப்போது இருப்பது எடை, வளையம், தேதி, 21 நாள், இரண்டு சோதனை. அந்த மனிதர் இதை வைத்து அடுத்த ஐந்து வருட மந்தையை நடத்தப் போகிறார்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி.

9 பிப்ரவரி 2025

நேற்று அதே ஆடுகளுக்குக் குளோசன்டெல். அதே துப்பாக்கி, அதே கை, வேறு மருந்து. இது கேட்டுவிட்டால், ஊற்றுவதில் தவறு என்ற சந்தேகமும் போய்விடும். தப்பும் இளம் புழு இதில் குழப்பாதா என்று ஒருவர் கேட்டார். ஆறு வாரப் புழு தப்பினாலும் 21 நாளில் அதற்கு ஒன்பது வாரம்தான், முட்டை வராது. மார்ச் 1 மாதிரி நேர்மையாகவே இருக்கும். ஆனால் ஏப்ரலில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குளோசன்டெல் அளவு மிஞ்சினால் செம்மறிக்குக் கண் போய்விடும். டிரைக்ளாபெண்டசோலுக்கு மந்தையின் கனத்த ஆட்டை வைத்து எல்லாவற்றுக்கும் அளவு வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவராதீர்கள். எடைவாரியாகப் பிரித்து ஊற்றுங்கள்.

பண்ணைக்காரர் தொலைபேசியில் பேசினார். இலையுதிர் காலத்தில் குஞ்சுக்கு என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை. தாழ்வான ஈர வயலுக்கு ஆகஸ்டிலிருந்து வேலி போட்டு மந்தையை மேட்டிலேயே நிறுத்த முடியுமா என்று கேட்டேன். ஓடையோரம்தான் நல்ல புல் என்றார். நீண்ட நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். அப்புறம், கம்பிவேலி விலை விசாரிப்பதாகச் சொன்னார். சந்தையில் வாங்கிவரும் ஆட்டை மூன்று வாரம் தனியே வைத்துப் புழுக்கை பார்க்கவும் ஒப்புக்கொண்டார். பக்கத்துப் பண்ணைக்கு அவரே போய்ச் சொல்லப்போகிறாராம்.

4 மார்ச் 2025

மாதிரி சனிக்கிழமை எடுத்து நேற்று வந்து சேர்ந்தது. இன்று காலை எண்ணினேன்.

இடது கை 24. வலது கை கருவியை நான் ஒரு தடவையும் அழுத்தவில்லை.

ஏப்ரல் மாதிரிக்குப் புட்டி அனுப்பிவிட்டேன்.